பொடி எழுத்தில் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து இழப்பீடு பற்றி உங்கள் நாளிதழில் எழுதியவர், வருகிற தொகையை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்கிறார். கார் மோதி, முழங்காலில் தகடும் திருகாணிகளுமாக நடக்கிற எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசுகிறவர் தன்மையானவர். நலம் விசாரித்த பிறகுதான் பணத்துக்கு வருகிறார். அனுப்பிய தாளில் தொகை தடித்த எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, பொடி எழுத்தில், இந்த விபத்து குறித்து இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்ற வரி. கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. தகட்டை எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவையா என்பதை எலும்பு கூடிய பிறகே சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். அவருக்கே தெரியாத செலவுக்கு நான் எங்கிருந்து ரசீது கொடுப்பது?

நான் தையல்காரி. மிதியை அழுத்தும் கால்தான் அடிபட்ட கால். இதுவரை இழந்த கூலியைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இனி எவ்வளவு நேரம் மெஷினில் உட்கார முடியும் என்று யாரும் கேட்கவில்லை. வக்கீல் கட்டணம், மருத்துவமனை பாக்கி, கைமாற்று எல்லாம் போக மிஞ்சுவதுதான் என் தொகை.

ஒரேயடியாக மறுக்கவில்லை. வழக்குத் தொடுக்கக் காலக்கெடு உண்டு. வக்கீலிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குள் மருத்துவரின் இறுதி அறிக்கை வரட்டும். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் இப்படிக் காத்திருக்க முடியாதுதான். அப்படிப்பட்ட வீட்டார், முழுத் தீர்வுக்கு முன்பே செலவுக்குத் தரும் இடைக்காலத் தொகை கிடைக்குமா என்றாவது கேட்டுவிட்டுக் கையெழுத்திடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி