எங்கள் பாய்மரப் படகுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கரைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அவர்தம் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி 2025 மார்ச் 31 வரையிலான நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த ஆண்டும் நீளம்தான். சுண்டல் வேக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று அடுப்படியிலிருந்து தகவல் வந்திருப்பதால் என் மனச்சாட்சி உறுத்தவில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் 31 பேராக இருந்த நாம் இப்போது 38 பேர். பணிமாறுதலில் இருவர் ஊரை விட்டுப் போனார்கள், ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். செயற்குழு ஆறு முறை கூடியது. லேசர் என்ற சிறு பாய்மரப் படகு இரண்டு, சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் இரண்டு, நாட்டுப்படகு வகையான பழைய வத்தை ஒன்று என்று படகுகள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. ஆறாவதாக ஒன்று வாங்கலாம் என்ற தீர்மானம் இரண்டு கூட்டங்களில் விவாதத்துக்கு வந்து இரண்டிலும் தோற்றது. இருப்பதைக் கழுவிக் காயவைக்கவே ஞாயிற்றுக்கிழமை மாலை போதவில்லை என்று தலைவர் சொன்னதுதான் தோற்றதற்குக் காரணம். நானும் எதிர்த்தே வாக்களித்தேன்.

போட்டி அணி ஒன்று அமைப்பது குறித்தும் நீண்ட பேச்சு நடந்தது. இளைய உறுப்பினர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டோக்கியோவுக்குப் பிறகு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சென்னையின் நேத்ரா குமணன் பாய்மரப் படகு செலுத்தினார். 2023இல் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணனும் அங்கே இருந்தார். அந்தப் பந்தயங்கள் பாரிஸில் நடக்கவில்லை, கடல் இருக்கும் மார்செய் நகரில் நடந்தன என்பதைச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி. நம் பக்கத்திலேயே தொண்டிக் கரையோர ஊர்களில் திருவிழாவையொட்டி மீனவர்கள் நடத்தும் பாய்மரப் படகுப் போட்டி இருக்கிறது. ஒரு வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் வேனில் யாரும் போட்டி அணியைப் பற்றிப் பேசவில்லை. பரம்பரை பரம்பரையாகக் காற்றை அறிந்தவர்கள் பாயை இழுத்துப் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தபின், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரையை விட்டுக் கிளம்பி பத்தரைக்குள் திரும்பினால் போதும் என்று அவரவருக்கே தோன்றிவிட்டது. விருப்பமுள்ள பிள்ளைகளைச் சென்னைப் பயிற்சிக்கு அனுப்ப ஆகும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும்.

இனி ஏப்ரல் 28. அது ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் ஒலிபெருக்கிகள் ஓய்ந்து ஒன்றரை வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் கரையில் கட்டிக் கிடந்தன. வத்தையில் ஏழு பேர் போயிருந்தோம். ஒன்பதரை மணிக்குக் காற்று விழுந்துவிட்டது. இரவெல்லாம் தரையிலிருந்து வீசும் காற்று ஓய்ந்து, தரை சூடேறிக் கடற்காற்று எழும் வரை நடுவில் இப்படியொரு இடைவெளி வரும். இரண்டுமில்லாத அந்த நேரத்தில் அகப்பட்டுக்கொண்டோம்.

முதல் கால் மணி நேரம் எல்லோரும் பாயையே முறைத்துப் பார்த்தோம். அது நனைந்த வேட்டிபோல, பாயைத் தாங்கும் பருமலிலிருந்து தொங்கியது. வங்கியில் வேலை பார்க்கும் உறுப்பினர் நான்கு முறை மணி கேட்டார். துடுப்புப் போடலாமா என்றார் ஒருவர். வத்தையின் சுக்கானைப் பிடித்திருந்த நம் தண்டல் ஐயா, "எங்கே போக?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதன் பிறகுதான் கீழே பார்த்தோம். இரண்டு பாகத் தண்ணீர், அதாவது பன்னிரண்டடி ஆழம், கண்ணாடித் தெளிவு. அடியில் தாழை எனப்படும் கடல்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது என்றார் ஐயா. சற்று நேரத்தில் பேராமை ஒன்று பத்தடி தள்ளித் தலையைத் தூக்கி, தும்மல் போடுவதுபோல மூச்சு விட்டு, நம்மைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மண்டபம் பக்கம் ரயில் ஊதிய சத்தம் தண்ணீரின் மேல் வழுக்கி வந்தது. பாயை இழுக்கும் தாமான் கயிற்றின் நுனியிலிருந்து சொட்டிய நீர்த்துளி விழும் ஒலிகூடக் கேட்டது. பதினொன்றுக்கு வடகிழக்கிலிருந்து காற்று எழுந்து பாய் புடைத்தபோது, ஆச்சரியம் என்னவென்றால், எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம். வங்கி உறுப்பினர் அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அந்த அனுபவத்தின் பேரில்தான் பிஸ்கட் டின் வழக்கத்துக்கு வந்தது. படகில் ஏறுமுன் எல்லோருடைய கைப்பேசியும் கொட்டகையிலுள்ள டின்னுக்குள் போகும். படகுக் குழுவின் தலைவரிடம் மட்டும் ஒன்று, தண்ணீர் புகாத உறையில், அவசரத்துக்கு இருக்கும். இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். படம் எடுக்க முடியவில்லையே என்பது அவர்கள் வாதம். லேசரில் ஒரு கையில் தாமான், மறுகையில் சுக்கான். படம் எடுக்க மூன்றாவது கை வேண்டும். மனம் அமைதியாகிறது என்று நம் உறுப்பினர்கள் சொல்வதற்குக் கடலின் அழகு பாதிதான் காரணம், கைக்கும் கண்ணுக்கும் அந்த ஒரே வேலை என்பது மீதிப் பாதி என்று நான் நினைக்கிறேன். நோய்வாய்ப்பட்ட தாயைப் பார்த்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் வந்துபோகும் ஓர் உறுப்பினர் என்னிடம், "அங்கே யோசிக்க நேரம் கிடைக்கிறது என்று நினைத்தேன் அண்ணே, யோசிக்காமல் இருக்க நேரம் கிடைக்கிறது" என்றார்.

சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. புத்தகம் பார்த்துக் கற்றவர்கள் பாயை இழுக்கும் கயிற்றை 'ஷீட்' என்கிறார்கள். "ஷீட்டை இழு" என்றால் புதியவர் விரிப்பு என்று நினைத்துப் பாய்த் துணியைப் பிடித்து இழுக்கிறார். இந்தக் கரையில் அதற்குத் தாமான் என்ற பெயர் என்றைக்கோ இருக்கிறது. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், படகின் முன்பக்கம் அணியம். பயிற்சியில் இனி இந்தப் பெயர்களே வழங்கும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது.

அடுத்து, சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலை இரண்டாம் ஞாயிறு இரண்டு உறுப்பினர்கள் லேசரில் போய் ஒன்றேகால் மணி நேரம் கடலில் தத்தளித்தார்கள். அவர்களுக்கு அன்று அனுமதி கொடுத்தவன் நான். நம் கரை வடக்கு பார்த்தது. கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது நமக்கு முதுகுப்பக்கமிருந்து, பனைகளையும் சவுக்குத் தோப்பையும் தாண்டி வருகிறது. மரங்களின் மறைவில் கரையோரம் கடல் குளம்போலக் கிடக்கும், அலையே இருக்காது. அதே நாளில் நிலத்துக்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவில் தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். நானும் குளத்தைப் பார்த்து ஏமாந்தேன். மறைவைத் தாண்டியதும் முழுக் காற்றும் படகின் மேல் விழுந்தது. திரும்பலாம் என்றால் எதிர்க்காற்று. காற்றின் முகத்துக்கு நேரே எந்தப் பாய்மரமும் போகாது, ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். அப்படி மூன்றாவது முறை திருப்பும்போது சுக்கானின் முளை உடைந்து படகு கவிழ்ந்தது.

இருவரும் படகை விட்டு நீந்தவில்லை. பயிற்சியில் நாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் ஒரே விஷயம் அது, அதுவே காப்பாற்றியது. நண்டு வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நாட்டுப்படகுக்காரர்கள் அவர்களை ஏற்றி, லேசரையும் கட்டி இழுத்து வந்தார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள், டீ மட்டும் குடித்தார்கள். போகும்போது அவர்களில் மூத்தவர் என்னைத் தனியாக அழைத்து, "கரையில் அலை இல்லை என்றால் காற்று முதுகில் இருக்கிறது தம்பி. வாடையில் அலை மிரட்டும், ஆனால் ஆளைக் கரையில் கொண்டுவந்து போடும். கச்சான் மிரட்டாது, கூட்டிக்கொண்டு போய்விடும்" என்றார். வடகிழக்கே போய்க்கொண்டே இருந்தால் 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோடும் இருக்கிறது, அதைத் தாண்டினால் வேறு கதை என்பது இங்குள்ள யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன் பின் செயற்குழு எடுத்த முடிவுகளைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். கச்சான் காலத்தில் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று வாடகைக்கு அமர்த்தப்பட்டுக் கூடவே நிற்கும். இதற்கு எதிர்ப்பு இருந்தது. எளிமை, எளிமை என்று பேசிவிட்டு எஞ்சினா என்றார்கள். எளிமைக்காக யாரையும் கடலில் விட நான் தயாராக இல்லை.

புதிய பாயைப் பற்றியும் சொல்கிறேன். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ரூ.18,500 கொடுத்து வாங்கினோம், ஒரே மாதத்தில் தையல் ஓரம் முழுவதும் பிரிந்தது. புகார் செய்தபோது, பாயை உப்புக் காற்றில் வைத்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம், கடலில் வைத்தோம் என்று பதில் எழுதினேன். அதன்பிறகு கடிதம் வரவில்லை. ராமநாதபுரத்தில் பந்தல் துணி தைக்கும் தையற்காரர் ஒருவர் இரட்டைத் தையல் போட்டு முந்நூறு ரூபாய் வாங்கினார். இன்றுவரை ஒரு நூல் பிரியவில்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகடலில் பாய் விரிக்கவில்லை. நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கொட்டகையிலும் முழங்கால் அளவு நீர். ஆப்டிமிஸ்ட் இரண்டும் உள்ளேயே மிதந்தன, எடை 35 கிலோதானே. அந்த மாதங்களில் முடிச்சுப் போடவும் கயிறு பின்னவும் வகுப்பு நடந்தது. ஒரு ஞாயிறு அழகன்குளம் போனோம். பாய்மரக் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு அகழாய்வில் கிடைத்த ஊர். பார்க்க அங்கே வெறும் மேடுதான் இருக்கிறது, ஆனாலும் வைகை கடலில் சேரும் திசையைப் பார்த்தபடி நம் பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள்.

மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால் அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். பாம்பன் பாலத்துக்கு அடியிலும் போக வேண்டாம், அங்கே ஓட்டம் நம் பாய்களுக்கு அடங்காது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவைவிட வரவு சற்றுக் கூடுதல் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அவருடைய மகிழ்ச்சியைக் கொஞ்சம் பறித்துக்கொள்கிறேன். தண்டல் ஐயாவுக்கும், பெயர் சொல்லாமல் போன அந்த நாட்டுப்படகுக்காரர்களுக்கும், ஞாயிறுதோறும் டீ கொடுத்து உதவும் கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி. மூன்று ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டேன். இன்றைய தேர்தலில் என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், எனக்கும் படகில் போக ஆசை இருக்கிறது.

கடைசியாக, பச்சை லேசரின் அடித் தக்கை சென்ற வாரம் முதல் காணவில்லை. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் யாராக இருந்தாலும் சுண்டல் வாங்குமுன் என்னிடம் தந்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்