காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவுல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காத்திப்புல கதவு சாத்துனா அடுத்து இயோ சூ காங்குல தான் திறக்கும். சிங்கப்பூர் வடக்கு தெற்கு ரயில் பாதையில ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ரொம்ப நீளமான தூரம் அதுதான், அஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும். மத்தவங்க அந்த நேரத்துல போன் பாப்பாங்க, கண்ண மூடி தூங்குவாங்க. நான் கதவுப் பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு மூச்ச இழுத்து விட்டுக்கிட்டு நிப்பேன். செம்பவாங்ல இருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு தினமும் வேலைக்குப் போற எனக்கு, வழியில எந்த ஸ்டேஷன்ல கழிவறை கேட்டுக்கு உள்ள இருக்கு, எதுல வெளிய இருக்கு, எந்தப் படியில இறங்குனா கிட்டன்னு எல்லாமே மனப்பாடம்.

எனக்கு குரோன்ஸ் நோய். 2014ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பாக்குறவங்க எல்லாரும் கேஸ்ட்ரிக்னே சொன்னாங்க, நானும் கேஸ்ட்ரிக் மாத்திரையே போட்டுக்கிட்டு இருந்தேன், எடை குறைஞ்சு தாலிக்கொடி தவிர எல்லா நகையும் லூசாகி, ரத்தம் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற கொலனோஸ்கோப்பி பண்ணி சிறுகுடல் முடியுற இடத்துல புண்ணு புண்ணா இருக்குன்னு சொன்னாங்க. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம குடலைத் தாக்குற நோய் இது. இதே மாதிரி இன்னொரு நோய் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அது பெருங்குடல்ல மட்டும் வரும், குரோன்ஸ் வாயில இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் வரலாம். முழுசா குணமாக்குற மருந்து இல்ல, அடக்கி வைக்கிற மருந்து இருக்கு. ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. இத ஏன் இவ்வளவு விவரமா எழுதறேன்னா, கல்யாண வீட்டுல பக்கத்துல உக்காந்து சாப்பிடறவங்க தட்ட நகத்தி வச்சுக்கறத நான் பாத்திருக்கேன், "சின்ன வயசுல காரத்த குறைச்சிருந்தா இது வந்திருக்காது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவும் கேட்டிருக்கேன். காரத்தால வர்ற நோய் இல்லைங்க இது.

நோய் அடங்கி இருக்கிற மாசங்கள்ல நான் எல்லாரையும் மாதிரி தான். கிளம்பிடுச்சுன்னா ஒரு நாளைக்கு பத்துப் பன்னெண்டு தடவ கழிவறைக்கு ஓடணும். அவசரம்னு வந்தா ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் தான் நேரம், அடக்கறதுங்கற பேச்சே இல்ல. காலையில ஒண்ணும் சாப்பிடாம தான் கிளம்புவேன். பையில ஒரு மாத்துத் துணி, ஈர டிஷ்யூ, ஒரு ஜிப் பை, அப்புறம் பழைய மாத்திரை டப்பாவுல இருபது காசு நாணயமா ஒரு பத்து இருக்கும். காப்பிக்கடை கழிவறை வாசல்ல மேஜை போட்டு உக்காந்திருக்கிற ஆன்ட்டிகிட்ட சில்லறை இல்லாம நின்ன அனுபவம் ஒரு தடவ போதும்.

ஒரு கடையில (எந்தக் கடைன்னு சொல்ல வரல) ஓடி வந்து கேட்டேன், "கஸ்டமருக்கு மட்டும்"னாங்க. சரின்னு காப்பி ஆர்டர் பண்ணி காசக் குடுத்துட்டு திரும்பக் கேட்டா, உள்ள இருக்கறது வேலை செய்யறவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு நான் அடுத்த புளோக் வரைக்கும் போய்ச் சேரல. அதுக்கு மேல எழுத எனக்கு மனசு வரல.

இன்னொரு தடவ தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு மால்ல பொம்பளைங்க கழிவறையில நீளமா வரிசை, நான் பக்கத்துல இருந்த மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைக்குள்ள போயிட்டேன். வெளிய வந்தா ஒரு பெரியவர், நம்ம ஆளுதான், "நல்லா தானேம்மா நடக்கற, வெக்கமா இல்ல?"ன்னு எல்லாரும் கேக்குற மாதிரி கேட்டார். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவர் கண்ணுக்குத் தெரிஞ்சத வச்சு கேட்டார். சக்கர நாற்காலியில யாராவது காத்திருந்தா நானே வழி விட்டுடுவேன், அன்னிக்கு யாரும் இல்ல. ஆனா அந்த இடத்துல நின்னு, பேர் தெரியாத ஒரு பெரியவர்ட்ட என் குடல் எப்படி இருக்குன்னு எப்படிங்க சொல்றது.

இதோட நான் ஊரு போறேன், பாலம் தாண்டி மலேசியாவுல இருக்கிற ஜேபி (ஜொகூர் பாரு) போறேன். எங்கயும் போகாம வீட்டுலயே கிடன்னு சொல்றவங்களும் உண்டு, அத நான் ஒத்துக்கறது இல்ல. திருச்சிக்கு விமானம் சுமார் நாலு மணி நேரம், நடைபாதைப் பக்கத்து சீட் முன்கூட்டியே பதிஞ்சிடுவேன், முந்தின நாள்ல இருந்து கஞ்சியும் ரசம் சாதமும் தான். மருந்து எல்லாம் கையில எடுத்துட்டுப் போற பையில, டாக்டர் லெட்டரோட. எனக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அடலிமுமாப்னு எதிர்ப்பு சக்திய அடக்குற ஊசி, அத 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், உறையக் கூடாது. முதல் தடவ ஊருக்குக் கொண்டு போனப்ப என் மாமியார், கரண்டு போய்ப் போய் வருது, சூடு ஏறிடும்னு நல்லெண்ணத்துல அத எடுத்து ஃப்ரீசருக்குள்ள வச்சிட்டாங்க. காலையில பாத்தா பெட்டி மேல வெள்ளையா பனி, உள்ள மருந்து கல்லு மாதிரி. "பத்திரமா இருக்கட்டும்னு தானேம்மா வச்சேன்"னு அவங்க அழுததுல நான் ஊசி போனத மறந்துட்டு அவங்கள தான் சமாதானப்படுத்தினேன். இந்த மாதிரி மருந்து எடுக்குறவங்க வீட்டுல எல்லாருக்கும் இத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. எதிர்ப்பு சக்திய குறைக்கிற மருந்துல இருக்கிறவங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மாதிரி உயிருள்ள கிருமிய வச்சு செஞ்ச தடுப்பூசி பொதுவா போட மாட்டாங்க, அதனால எங்க போறதா இருந்தாலும் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேட்டுடறது நல்லது. வயித்துப்போக்குல போற நீர்ச்சத்த ஈடுகட்டுற ஓஆர்எஸ் பாக்கெட் தீந்து போயிட்டா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, சரியா அளந்து போட்டு கலக்கிக் குடிக்கலாம்.

ஆனா எனக்கு ரொம்பக் கஷ்டமான பயணம் எதுன்னு கேட்டா திருச்சி இல்ல, வெறும் ஒரு கிலோமீட்டர் பாலம். பள்ளி விடுமுறை சனிக்கிழமை, உட்லண்ட்ஸ்ல இருந்து பஸ் ஏறி பாலத்து மேல வந்ததும் நின்னுடுச்சு. முன்னாடியும் பஸ், பின்னாடியும் பஸ், ரெண்டு பக்கமும் தண்ணி. முப்பது நிமிஷம் ஆச்சு. வயித்துல சுருட்டிப் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு, நெத்தியில வேர்வை, என் நாத்தனார் என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டா, தன் துப்பட்டாவ எடுத்து என் மடியில போட்டு "அண்ணி, ஆனது ஆகட்டும், நான் இருக்கேன்"னு கையப் புடிச்சுக்கிட்டா. எப்படியோ பஸ் போய்ச் சேந்துச்சு, மேல ஏறினா கடப்பிதழ் காட்டுற இடத்துல தலை தலையா வரிசை. அவ தான் என்ன முன்னாடி தள்ளிட்டு "தோலோங், சாகிட் பெருட்" (உதவி பண்ணுங்க, வயித்து வலி)னு மலாய்ல சத்தமா சொல்லிக்கிட்டே போனா. நம்புவீங்களா, ஒருத்தர் கூட முகம் சுளிக்கல. மலாய்க்காரங்க, சீனவங்க, நம்ம ஆளுங்க, பைய இழுத்து ஒதுங்கி வழி விட்டாங்க, ஒரு மலாய் அம்மா கழிவறை இருக்கிற பக்கம் விரலக் காட்டி என் கையில ஒரு டிஷ்யூ பாக்கெட்ட திணிச்சாங்க.

அன்னிக்குத் தான் எனக்குப் புரிஞ்சது, ஜனங்களுக்குத் தெரிஞ்சா உதவுவாங்க. தெரிய வைக்கறது தான் எங்களால முடியல, தினமும் புதுப்புது ஆளுங்ககிட்ட வாயத் திறந்து சொல்ல வேண்டியிருக்கறது நோயவிடப் பெரிய வேதனை. ரயில்லயும் பஸ்லயும் வெளிய தெரியாத நோய் இருக்கிறவங்களுக்கு உக்கார இடம் கேக்குற ஸ்டிக்கர் நம்ம ஊர்லயே இருக்கு, அத ஒட்டியிருந்தா யாரும் விளக்கம் கேக்கறதில்ல. கழிவறைக்கும் அதே மாதிரி ஒரு அட்டை வேணும், காப்பிக்கடை, கிளினிக், மால், மளிகைக்கடைன்னு எல்லாரும் ஏத்துக்கற மாதிரி. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல குரோன்ஸ் இருந்த ஆலி பெய்ன்ங்கற பொண்ணு, பதினாலு வயசுல ஒரு கடையில கழிவறைக்கு விடாம அவமானப்பட்டு, அதுக்காகப் போராடி 2005ல சட்டமே வந்துச்சு, பொதுக் கழிவறை பக்கத்துல இல்லன்னா ஊழியர் கழிவறைய இந்த நோயாளிகளுக்குத் திறந்து விடணும்னு. பிரிட்டன்ல பல கழிவறைக் கதவுல, எல்லா உடல் குறையும் கண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க.

உலக கழிவறை அமைப்பு 2001ல தொடங்குனது இங்க சிங்கப்பூர்ல, நவம்பர் 19ஆம் தேதிய உலக கழிவறை தினமா அறிவிக்கணும்னு ஐநாவுல 2013ல தீர்மானம் கொண்டு போனதும் சிங்கப்பூர். அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு இத நாம கேக்கறதுல தப்பே இல்ல. எம்பிய சந்திக்கிற நாள்ல நான் போய் எழுதிக் குடுக்கப் போறேன், உங்க பேப்பர் படிக்கிற குடும்பங்கள்ல இதே நோய் இருக்கிறவங்க இருந்தா அவங்கவங்க தொகுதியில நீங்களும் போய்ச் சொல்லுங்க.

அட்டை வர்ற வரைக்கும், கடை வச்சிருக்கிற அண்ணன் தம்பிங்களுக்கு ஒண்ணு கேட்டுக்கறேன். வேர்த்துப் போன முகத்தோட ஒருத்தர் வந்து கழிவறைச் சாவி கேட்டா, முதல்ல சாவியக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பவாங்