நடப்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர்

ஷெஃபீல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

"நடக்கிறது ஒருத்தன், காசு கொடுக்கிறது இன்னொருத்தன், இதில் காட்டுக்கு என்ன வந்தது?" என்று போனில் கேட்டீர்களே, அதற்கு ஆற அமர எழுதுகிறேன்.

இதை இங்கே ஸ்பான்சர்டு வாக் என்பார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று பாதையையும் தேதியையும் சொல்லிவிடும். நடக்க வருபவர் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவர்களிடம் போய், மைலுக்கு இவ்வளவு என்றோ, மொத்தமாக இவ்வளவு என்றோ எழுதி வாங்குவார். பார்க்கிறவர்களுக்கு நடைதான் பெரிதாகத் தெரியும். பாதி வேலை அந்தத் தாளில் இருக்கிறது.

மைல் கணக்கு வம்பு. மைலுக்கு 2 பவுண்டு என்று யோசிக்காமல் எழுதியவரிடம் 12 மைல் முடிந்து 24 பவுண்டு கேட்டால் முகம் மாறும். மூடுபனியால் பாதையைப் பாதியில் சுருக்கினால் எல்லோர் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். அதனால் மொத்தத் தொகையாக, அதுவும் நடப்பதற்கு முன்பே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நடந்து முடித்தபின் வசூலுக்கு அலைவது மலையேறுவதைவிடக் கஷ்டம்.

கணக்கில் கெட்டியான உங்களுக்கு கிஃப்ட் எய்டு பிடிக்கும். வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்து அறக்கட்டளைக்குத் தரும். 10 பவுண்டு 12.50 ஆகிவிடும், கொடுத்தவருக்குக் கூடுதல் செலவில்லை. ஆனால் படிவத்தில் அவருடைய முழுப்பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, தொகை, பணம் தந்த தேதி, கிஃப்ட் எய்டு கட்டத்தில் டிக், எல்லாம் இருக்க வேண்டும். அலுவலகத்தில் படிவத்தைச் சுற்றுக்கு விட்டால் பலர் அலுவலக முகவரியையே எழுதிவிடுவார்கள். அது செல்லாது. இன்னொன்று, பலரிடம் ரொக்கமாக வாங்கியதை நடப்பவர் தன் கணக்கிலிருந்து ஒரே தொகையாக அனுப்பி, தன் பெயரில் டிக் போடக் கூடாது. அது அவர் கொடுத்த பணம் இல்லையே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரை ஒட்டியே பீக் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கிண்டர் ஸ்கவுட் என்று 636 மீட்டர் உயர மேட்டுநிலம். ஒரு காலத்தில் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர்கள் கூட்டமாகத் தடையை மீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். இன்று யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

மேலே இருப்பது பீட் என்கிற கறுத்த, பஞ்சு போன்ற மண். செடி மட்கி ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் சேரும். ஆலைப்புகை, தீ, ஆடுகளின் மேய்ச்சல் எல்லாம் சேர்ந்து அதன்மேல் இருந்த ஸ்பாக்னம் பாசியை அழித்துவிட்டன. மூடாக்கு போனதும் மழை அரித்து ஆள் உயரப் பள்ளங்கள் விழுந்தன. அந்தப் பள்ளங்களுக்குக் கல்லாலும் மரத்தாலும் சின்னச் சின்னத் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்தி, பாசியைத் திரும்ப நடுகிறார்கள். நடையில் சேரும் பணம் இப்படிப்பட்ட வேலைக்குத்தான். 'இந்த மேட்டுநிலத்துக்கு' என்று சொல்லி வாங்கினால் அறக்கட்டளை அதற்குத்தான் செலவிட வேண்டும்.

இதில் ஒரு முரண். காப்பாற்றப் போகிற மண்ணை நூற்றுக்கணக்கான பூட்ஸ்கள் மிதிக்கின்றன. பாதை நடுவில் சேறு கிடந்தால் ஓரமாக ஒதுங்கத்தான் கால் போகும். ஒவ்வொருவரும் ஒரு முழம் ஒதுங்கினால் ஒற்றையடிப்பாதை வண்டிப்பாதை ஆகிவிடும், ஓரத்துச் செடி செத்து மண் கரையும். அதனால் சேற்றுக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பென்னைன் வே என்ற நெடும்பாதையில் இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்களையே சில இடங்களில் பாவியிருப்பது இதற்காகத்தான். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, திறந்த மேட்டுநிலத்தில் நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். பூட்ஸில் ஒட்டிய மண்ணோடு மரநோய்க் கிருமிகளும் ஊர்விட்டு ஊர் போகும் என்பதால் கிளம்பும்போதும் திரும்பியதும் பிரஷால் தேய்ப்பார்கள்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 20 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 5 மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கு. கூட்டம் என்றால் மெதுவானவரின் வேகம்தான் எல்லோருக்கும், ஆகவே ஏழு என்று வைத்துக்கொள்வது நல்லது. வழியில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தன்னார்வலர்கள் நடப்பவரின் எண்ணைக் குறிப்பார்கள், கடைசியில் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். அலுத்துப்போய் பாதியிலேயே சொல்லாமல் பஸ் ஏறுகிறவர்தான் பெரிய தலைவலி. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மலையில் ஆட்கள் அவரைத் தேடுவார்கள். வழி தவறினால் விசில் ஊத வேண்டும், நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும்.

கால் விஷயம். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தோல் உரசினால் கொப்புளம்தான். கம்பளி சாக்ஸ், ஏற்கெனவே போட்டுப் பழகிய பூட்ஸ். குதிகால் சுடுகிறது என்று தோன்றியதுமே நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும், அடுத்த சாவடி வரை தள்ளினால் தோல் கிளம்பிவிடும். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டும், நகத்தை முதல் நாளே வெட்டிவிட வேண்டும்.

வீடு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும், லைம் நோய் அதனால் வருகிறது. கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் கூடாது.

வெற்றுப் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்