வேகம் இருக்கட்டும், பழுது பார்க்க யார் வருவார்? டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பும் நெல்லும் விளையும் ஓர் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களில் பலர், வேலை முடிந்து எழும்போது தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்கு எந்த நெட் போடலாம் அக்கா?" மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பாள். அல்லது சென்னையில் வேலை பார்க்கும் மகன், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கிளம்பி வந்திருப்பான். இந்தக் கேள்விக்கு என்னால் ஊகத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடிகிறது. நேர்மையாகப் பதில் சொல்வதற்கு வேண்டிய விவரம் எதுவும் பொதுவில் இல்லை. அதை வெளியிடச் செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் இந்த மடல் உங்களுக்கு.

எங்கள் பக்கத்து ஊர்களில் இன்று வீட்டுக்கு இணையம் பெற இரண்டு வழிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, கேபிள்காரர் கம்பத்திலிருந்து இழுத்துத் தரும் ஃபைபர், அதாவது ஒளி வழியாக இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பி. மற்றொன்று, மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி, செல்போன் டவரிலிருந்து பெறும் 5ஜி இணைப்பு. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்ததிலிருந்து செயற்கைக்கோள் இணையத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பதோடு சரி.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குத் தரப்படுவது ஒரு வண்ண நோட்டீஸ். அதில் வேகம் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை ஓடிடி இலவசம் என்பது அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். 499 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து மாதம் 588 ரூபாய் 82 காசு வரும் என்பதைக் கடைசி வரியில் தேட வேண்டும். 'அன்லிமிடெட்' என்றிருக்கும் திட்டங்கள் பலவற்றில் ஃபைபருக்கு மாதம் 3,300 ஜிபி, 5ஜி பெட்டிக்கு 1,000 ஜிபி என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். சாதாரணக் குடும்பத்துக்கு 1,000 ஜிபியே தாராளம் என்பதால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். இவற்றையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தாவது தெரிந்துகொள்ளலாம். எனக்கு வேண்டியவை நோட்டீஸில் எங்குமே இல்லாத விஷயங்கள்.

கிராமத்தில் ஃபைபர் இணைப்பு என்பது யாருடையது என்று பாருங்கள். பில்லில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் கம்பத்தில் தொங்கும் கம்பி உள்ளூர் பங்குதாரருடையது. பெரும்பாலும் அவர் அதே கேபிள் டிவிக்காரர். மாதக் கட்டணத்தில் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. ஒரே ஆள் இரண்டு நிறுவனங்களுக்கும் பங்குதாரராக இருக்கிற ஊர்கள் உண்டு. உங்கள் கணக்கில் அங்கே இரண்டு நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. ஊரில் பார்த்தால் ஒரே கம்ப வரிசை, ஒரே லைன்மேன், ஒரே ஏணி. அந்தக் கம்பம் சாய்ந்தால் இரண்டு நிறுவனங்களின் சந்தாதாரர்களும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நிறுவனத்தை மாற்றுவது பில்லின் நிறத்தை மாற்றுவதுதான்.

கம்பி எப்படி அறுகிறது என்பதையும் சொல்கிறேன், டெல்லியில் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழையும். குறுக்கே தாழ்வாகப் போகும் கம்பியில் கரும்புக் கட்டு மாட்டும். டிரைவர் இறங்கிப் பார்க்க மாட்டார். அடுத்த நிமிடம் தெருவில் உள்ள மோடங்களில் எல்லாம் 'எல்ஓஎஸ்' என்ற சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும். ஒளி வரவில்லை என்று அர்த்தம். லைன்மேன் வந்து, அறுந்த இரண்டு முனைகளிலும் மேலுறையை உரித்து, இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வெட்டி, ஜாயின்ட் போடும் மெஷினில் வைத்து மூட வேண்டும். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் எதிரெதிரே வந்து நிற்கும்; ஒரு மின்பொறி, ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை சில நிமிடம்தான். ஆனால் மெஷின் விலை அதிகம் என்பதால் சுற்றுவட்டாரத்து லைன்மேன்கள் பலர் ஒன்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு ஊரில் இருந்தால், அது வரும்வரை எங்கள் தெருவுக்கு இணையம் இல்லை.

ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். மெஷின் இல்லாமல் அவசரத்துக்கு இணைப்பானைச் சொருகி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போனால் இன்னும் அதிகம் தின்னும். வீட்டு மோடத்துக்கு வந்து சேரும் ஒளி பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும். மழை பெய்து டேப்புக்குள் ஈரம் இறங்கினால் அறுந்தே போகும். புதிதாக இணைப்புக் கொடுக்கும்போதே அந்த எண்ணை லைன்மேன் தன் கையிலுள்ள மீட்டரில் பார்க்கிறார். அதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருமே நினைப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் என்ற எண்ணைவிட ஒரு கிராமத்து வீட்டுக்கு அந்த மைனஸ் எண் முக்கியம்.

அடுத்தது மின்சாரம். வீட்டில் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கி மோடத்துக்கு மாட்டிவிடலாம். மையத்தில் நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டி யாரோ ஒருவர் வீட்டு முன்னறையிலோ கடை மாடியிலோ இருக்கிறது. அங்கே பேட்டரி படுத்துவிட்டால் என் யூபிஎஸ்ஸால் பயன் இல்லை. டவரிலும் இதே கதைதான்: கரண்ட் நெடுநேரம் போனால் பேட்டரி தீரும், டீசல் வரவேண்டும். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் முதல் வாரத்தில், எங்கள் மாவட்டத்தில் இணையம் மட்டுமல்ல, மின்சாரமே இல்லாமல் ஊர்கள் கிடந்தன. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் சாதாரண நாளில் கரண்ட் போய் சிறிது நேரத்திலேயே ஊருக்கே இணையம் போகிறது என்றால் அதை வாங்குகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள உரிமை உண்டு. "பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று விற்க வருகிற பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஓடிடி பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து சொல்வான்.

இனி உங்கள் விதிகளுக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளைப் படித்தேன். வீட்டு இணைப்பில் பழுது மூன்று நாளில் சரியாகாவிட்டால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்கிறீர்கள். நல்ல விதிதான். ஆனால் அது ஓடுவது புகார் எண்ணை வைத்து. எங்கள் ஊரில் புகார் எண் என்ற ஒன்று பிறப்பதே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நாங்கள் கூப்பிடுவது நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தை அல்ல, லைன்மேனை. "பார்க்கிறேன் அக்கா, ஏரிக்கரைப் பக்கம் வேலையாக இருக்கிறேன்" என்பார். அவர் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அங்குதான் இருப்பார். நான்கு நாள் கழித்து வந்து ஒட்டிவிட்டுப் போவார். நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த நான்கு நாளும் எங்கள் ஊரில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பழுது என்று ஒன்று பதிவாகவே இல்லை. கழிவு எங்கிருந்து வரும்? அந்தப் பதிவேட்டிலிருந்துதான் உங்களுக்கு அறிக்கையும் போகிறது.

ஒரு முறை பிடிவாதமாக நிறுவனத்திலேயே பதிவு செய்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அன்று மாலையே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மேல்முறையீடு செய்யலாம், தெரியும். உங்கள் 2012ஆம் ஆண்டு விதிப்படி அதை முடிக்க 39 நாள் அவகாசம். தனிநபர் புகாரை நீங்கள் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதும் தெரியும். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 588 ரூபாய்க்காக, கூலி வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுகிறவர் யார்?

ஆகவே பழுதைப் பதிவு செய்யும் பொறுப்பை வாடிக்கையாளர் தலையிலிருந்து எடுங்கள். ஒரு தெருவில் இருபது மோடங்கள் ஒரே நேரத்தில் ஒளி இழந்தால் ஓஎல்டி பெட்டிக்கு அது அந்த நொடியே தெரியும். நிறுவனத்தின் கணினியில் நேரத்தோடு பதிவாகிற விஷயம் அது. அந்தப் பதிவையே பழுதின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் போன் செய்ய வேண்டியதில்லை, லைன்மேன் மறைக்க வேண்டியதும் இல்லை. வாடிக்கையாளரின் செல்போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் புகாரை மூட முடியாது என்று ஒரு வரியைச் சேருங்கள். கழிவு தானாக அடுத்த ரீசார்ஜில் வரட்டும்.

இரண்டாவது, வெளியிடும் விதம். சேவைத்தர அறிக்கைகளை நீங்கள் தொலைத்தொடர்பு வட்டம் வாரியாக வெளியிடுகிறீர்கள். சென்னையும் புதுச்சேரியும் நாங்களும் ஒரே தமிழ்நாடு வட்டத்துக்குள் அடக்கம். அண்ணா நகரில் சில மணி நேரத்தில் சரியாகும் பழுதும் எங்கள் ஊரில் நான்கு நாள் ஆகும் பழுதும் ஒரே சராசரியில் கரைந்துவிடுகின்றன. செல்போன் நிறுவனங்களைத் தம் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட வைத்தீர்கள். அது உருப்படியான காரியம், மையத்தில் நானே பயன்படுத்துகிறேன். கம்பி வழி இணையத்துக்கு ஏன் அது கூடாது? அமெரிக்காவில் உங்களைப் போன்ற ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2022 நவம்பரில் வெளியிட்ட வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டால், அந்த வீட்டுக்கு யார் என்ன இணைப்புத் தருவதாகச் சொல்கிறார்கள் என்று காட்டும். சொன்னது பொய் என்றால் வீட்டுக்காரரே மறுப்புப் பதிவு செய்யலாம். 2024 முதல் அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் விலை, வேகம், எல்லை எல்லாம் ஒரே மாதிரி அச்சிட்ட லேபிளும் கட்டாயம். முகவரி வரை எங்களுக்கு வேண்டாம். ஊராட்சி வரை போதும். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஃபைபர் கொண்டுபோகும் கணக்கே 12,525 ஊராட்சிகளின் பெயர்களை வைத்துத்தான். பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தெந்த நிறுவனம், உள்ளூர் பங்குதாரர் ஒருவரா பலரா, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் இணைப்பு இல்லை, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று போடச் சொல்லுங்கள். நான் என் மையத்தின் சுவரில் அதை அச்செடுத்து ஒட்டிக்கொள்கிறேன்.

நிறுவனங்கள் என்ன சொல்லும் என்பது தெரியும்: கிராமத்தில் வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, ஒரு வீட்டுக்குக் கம்பி இழுக்கும் செலவு அதிகம், இந்த விதிகள் வந்தால் கிராமத்துக்கே வர மாட்டோம். முதல் இரண்டும் உண்மை. அதனால்தான் பழுதே வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. மறைக்காதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன். மூன்றாவதை நம்ப வேண்டாம். லைன்மேனுக்கும் இதனால் நல்லதுதான். ஊர் முழுவதன் வசையையும் இன்று அவர் ஒருவரே வாங்கிக்கொள்கிறார். இணைப்பு இல்லாத மணிக்கணக்கு வெளியே தெரிந்தால், இரண்டாவது ஆளையும் இன்னொரு ஜாயின்ட் மெஷினையும் கேட்க அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

போகிற போக்கில் ஒன்று. 2021இல் நீங்கள் பரிந்துரைத்தபடி, 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆனது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் அந்த 2 எம்பிபிஎஸ் திணறும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நீங்கள் விதி வகுக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது எனக்குத் தெரியும். அவை ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக வருகின்றன. பதில் எழுதுவது பெரும்பாலும் நிறுவனங்கள்தான். கிராமப்புற வீட்டு இணையத்தைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தால், தமிழிலும் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று வெளியிடுங்கள். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினம் அதில் ஒன்று. கருத்துக் கேட்கும் காலத்துக்குள் அப்படி ஒரு கிராமசபை வரும்படி தேதி வையுங்கள். எங்கள் ஊரின் கருத்தைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்று இணைப்பு இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் வரும்.

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் இ-சேவை மைய நடத்துநர்