4,500 ரூபாய் டேப்: தண்டையார்பேட்டை அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். டேப் பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. பத்தாம் வகுப்புப் பாப்பாவின் படிப்புக்கு இந்த டேப்லெட்டை வாங்கலாமா என்று நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.

எம்.ஆர்.பி. 14,999, பர்மா பஜார் பக்கத்துக் கடையில் 4,500க்குத் தருகிறார்கள், பத்தாயிரம் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்சவரம்பு. அந்த விலைக்கு யாரோ வாங்கிப் போனார்கள் என்று அர்த்தமில்லை. அதை விட்டுவிட்டு, அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்: 08/2020. பெட்டியின் பின்பக்கம் ஆண்ட்ராய்டு 9, 2 ஜிபி ரேம் (ஓடுகிற ஆப்புகளுக்கான தற்காலிக நினைவகம்), 32 ஜிபி ஸ்டோரேஜ், வைஃபை மட்டும் (சிம் போட முடியாது) என்று போட்டிருக்கிறது.

இந்த செட் வேண்டாம் அக்கா. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடையில் உதவும்.

சீல் உடைக்காதது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சிக்கலே அங்கேதான். லித்தியம் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வருஷக்கணக்கில் சார்ஜ் போடாமல் அடிமட்டத்துக்குப் போய்விட்டால் உள்ளே கெட்டுவிடும். அதன் பிறகு சார்ஜ் ஏறினாலும் நிற்காது. 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று 5க்கு விழுந்து அணைந்துபோகும். சில செட்டில் பேட்டரி உப்பி டிஸ்ப்ளேயை ஓரத்தில் தூக்கிவிடும். பழைய அரிசிக்கு மதிப்பு உண்டு, பழைய பேட்டரிக்குக் கிடையாது.

ஆண்ட்ராய்டு 9 வந்தது 2018இல். குரோம் பிரவுசர் 2025இல் 138ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. 139இலிருந்து ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஓடும். இன்றைக்கு வாங்கினால் நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு ஆப்பாக ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்று சொல்ல ஆரம்பிக்கும். ‘அப்டேட் பண்ணிக்கலாம் மேடம்’ என்பார்கள். அப்டேட்டை அந்த மாடலுக்கென்று கம்பெனி செய்து தர வேண்டும். மலிவான மாடல்களுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. எந்த டேப்பானாலும் செட்டிங்ஸ், அபௌட் டேப்லெட், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போய் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். கம்பெனி கடைசியாக அந்த மாடலை எப்போது கவனித்தது என்பது அதில் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

2 ஜிபி ரேமில் பாட வீடியோவை ஓடவிட்டு நடுவில் வாட்ஸ்அப் பார்த்துத் திரும்பினால் வீடியோ முதலிலிருந்து தொடங்கும். ரேம் 4 ஜிபி, ஸ்டோரேஜ் 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 13: இதற்குக் கீழே இறங்காதீர்கள். பெட்டியில் ‘8 ஜிபி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் பக்கத்தில் 4+4 என்று சின்னதாக இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது 4 நிஜ ரேம் அல்ல, ஸ்டோரேஜில் கடன் வாங்கியது.

இனி பாப்பாவின் பத்தாம் வகுப்பு. பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, அதனால் திரைதான் முக்கியம். 10 அங்குலம் பெரியது, நல்லது என்று தோன்றும். ஆனால் 10.1 அங்குலத் திரையில் 1280×800 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி) என்றால் அங்குலத்துக்கு 149 பிக்சல்தான். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்தால் ‘ங்’, ‘ஞ்’ மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். அதே 1280×800 எட்டு அங்குலத்தில் 189 ஆகிறது. 10.1இல் 1920×1200 கிடைத்தால் 224, கண்ணுக்கு இதம். கடையில் டெமோ வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம். தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. நம் பாடப்புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறதல்லவா? மலிவு டேப்பின் பின்கேமராவில் பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. தூரத்தில் இருப்பது தெளிவாக விழும், பக்கத்தில் கொண்டுபோனால் மங்கும். கோடோ சின்னது. தள்ளிப் பிடித்தால் கேமராவுக்குப் புரியாது, கிட்டே பிடித்தால் தெரியாது. மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேன் செய்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வைஃபை விஷயம். இதில்தான் நான் ரொம்பத் தயங்கினேன். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்தான் என்கிறீர்கள். காலையில் நீங்கள் கம்பெனிக்குக் கிளம்பினால் போனும் கூடவே போய்விடும். நீங்கள் வரும்வரை பாப்பாவுக்கு நெட் கிடையாது. சிம் போடுகிற 4ஜி மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. அது கட்டுப்படியாகாது என்றால் ராத்திரியே பாடநூலையும் மறுநாளைக்கு வேண்டிய வீடியோவையும் இறக்கி வைக்கிற பழக்கம் வேண்டும். 480பி தரத்தில் வீடியோ மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி இழுக்கும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வேறு செட் பார்க்கப் போகும்போது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். போனதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். அரைமணியில் ஏழெட்டு சதவீதம் இறங்கினால் சரி. இருபது இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீடியோ ஓடும்போதே செட்டை மேஜையில் படுக்கவைத்து, ஓரங்களில் கண்ணாடி தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு ஹோம் ஸ்கிரீனில் ஒரு ஐகானை விரலால் பிடித்து, எடுக்காமல் மேலிருந்து கீழாக, கோலம் போடுகிற மாதிரி திரை முழுக்க இழுங்கள். ஏதாவது ஒரு பட்டையில் ஐகான் கைவிட்டுப் போனால் அங்கே டச் செத்துவிட்டது. கடைசியில் சார்ஜர் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் தண்ணீரோ உப்புக்காற்றோ உள்ளே போயிருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நனைந்து, காய்ந்து, துடைத்து விற்பனைக்கு வரும் செட்டுகளும் உண்டு.

செகண்ட்ஹேண்ட் என்றால் லாக் விஷயத்தில் உஷார். கம்பெனிகளும் கோச்சிங் நிறுவனங்களும் மொத்தமாக வாங்கிக் கொடுத்த டேப்புகள் கைமாறிக் கைமாறிக் கடைக்கு வரும். கடையில் நன்றாகத்தான் ஓடும். வீட்டுக்கு வந்து ரீசெட் செய்து நெட்டில் இணைத்ததும் ‘இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது’ என்று நின்றுவிடும், அல்லது பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்கும். அதனால் கடைக்காரர் எதிரிலேயே ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு முதல் திரை வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள். சிம் மாடலானால் *#06# அடித்து, வருகிற ஐஎம்இஐ எண்ணும் (செட்டின் அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் ஒன்றா பாருங்கள். பிறகு கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண் என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப்போனதாக முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரியும்.

புது செட்டானால் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனியின் எண் என்று காட்டும். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள், அதில் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யும்போது கையில் காட்ட அந்தச் சீட்டுதான் இருக்கும்.

பஜார் கடையில் 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ‘அண்ணே, சிம் போடுற மாடலா, ஆண்ட்ராய்டு 13ஓ அதுக்கு மேலயோ இருந்தா காட்டுங்க, அதுல கழிச்சுக்கலாம்’ என்று கேளுங்கள். இருந்தால் மேலே சொன்னபடி பார்த்து வாங்குங்கள். போகும்போது பாப்பாவின் அறிவியல் புத்தகத்தைப் பையில் எடுத்துப் போக மறக்காதீர்கள், க்யூஆர் கோடு ஸ்கேன் செய்ய.

அன்புடன்,
தம்பி