அதே நான்கு ஆடுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. வறண்ட பகுதிக் கிராமங்கள் பருவநிலை மாற்றத்தை எந்த அளவுக்குத் தாங்கும் என்று மதிப்பிடப் போகிறாயாமே? பல வருடம் அதிலேயே கிடந்தவன் என்பதால் சிலவற்றை உடனே சொல்லத் தோன்றுகிறது.

2001-இல் ஐபிசிசி, அதாவது பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழு, வெளியிட்ட அறிக்கை, பாதிப்புக்கு ஆளாகும் தன்மையை மூன்றாகப் பிரித்தது: வறட்சியும் வெப்பமும் எவ்வளவு வந்து தாக்குகின்றன, தாக்கினால் எவ்வளவு அடிபடும், அடிபட்டபின் எழத் தெம்பு உண்டா. 2014-இல் முதலாவதைத் தனியே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. மழை பொய்ப்பது ஊருக்கே பொது. அதைத் தாங்கும் தெம்பு வீட்டுக்கு வீடு வேறு.

மழைக் கணக்கில் ஆண்டு மொத்தத்தை மட்டும் நம்பாதே. மழை குறையாவிட்டாலும் வெப்பம் கூடினால் மண்ணின் ஈரம் சீக்கிரம் போய்விடும். விதைத்தபின் மூன்று வாரம் மழை இல்லையென்றால், பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பயிர் மீளாது.

அப்புறம், குறியீட்டெண், அதாவது பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது. ஒவ்வொரு அளவையும் 0 முதல் 1 வரை மாற்றிச் சராசரி எடுப்பார்கள். ஆழ்துளைக் கிணறு இருப்பதற்கு நல்ல மதிப்பெண், கடனுக்கு மோசமான மதிப்பெண், இரண்டும் சேர்ந்து நடுத்தரம் என்று வந்து நிற்கும். கிணற்றுத் தண்ணீர் கடனை அடைக்காது.

ஒரு வீட்டில் ‘ஆடுகள் எத்தனை?’ என்று கேட்டேன். ‘நாலு’ என்றார் அந்த அம்மா. எழுதிக்கொண்டு கிளம்பும்போதுதான் பட்டியைப் பார்த்தேன். இருபது ஆடு அடையும் இடம். ஒரு மூலையில்தான் புதுப் புழுக்கை. மற்ற இடமெல்லாம் காய்ந்து பொடியாகிக் கிடந்தது. தீவனம் இல்லாமல் ஊரே ஒரே சமயத்தில் விற்றதால் பாதி விலைதான் கிடைத்ததாம். கணவர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார். நிலம் அவர் பெயரில் இருப்பதால் நிவாரணத்துக்கு இவர் மனு எழுதவும் முடியவில்லை. இரண்டு ஆட்டிலிருந்து நாலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்கும் என் தாளில் அதே 4 தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1973-இல் எத்தியோப்பியாவின் வொல்லோவில் பஞ்சம் வந்தபோது நாடு முழுதும் தானியம் அற்றுப்போய்விடவில்லை, வாங்கச் சக்திதான் போயிற்று என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் காட்டினாரே, அது எனக்கு அந்தப் பட்டியின் முன்னால்தான் புரிந்தது. ஆகவே என்ன இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதே. போன வறட்சியில் எதை முதலில் விற்றார்கள், அடுத்து எதை, எதை மட்டும் விற்க மறுத்தார்கள் என்று வரிசையாகக் கேள். விதைக்கு வைத்திருந்த தானியத்தையே சமைத்துவிட்ட வீட்டைத் தனியாகக் குறித்துக்கொள்.

கேள்வித்தாள் தயாரானதும் எனக்கு அனுப்பு. எந்த மாதம் போகிறாய் என்றும் எழுது. அறுவடை முடிந்த கையோடு போனால் எல்லா வீடும் கொஞ்சம் நன்றாகவே தெரியும். தானியம் தீர்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் நாட்களில் போ.

அன்புடன்,
உன் நண்பன்