துறை இணையதளத்தைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது பழைய பக்கங்களையும் சேர்த்துக் கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்
கணினி, ஜெராக்ஸ் மையம் நடத்துபவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: துறை இணையதள மாற்றம் – பழைய முகவரிகள், தமிழ் எழுத்துரு, ஸ்கேன் அறிவிப்புகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோத்தகிரி பஸ் நிலையம் அருகே 12 வருடமாகக் கணினி மையம் நடத்தி வருகிறேன். என் வேலை நேரத்தில் பாதி அரசுத் தளங்களில்தான் கழிகிறது. அவற்றில் ஒரு துறையின் தளம் (பெயர் இணைப்புத் தாளில் உள்ளது) இப்போது புதிய சி.எம்.எஸ்.-க்கு (தளத்தின் பக்கங்களை ஏற்றி நிர்வகிக்கும் மென்பொருள்) மாறிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாற்றச் சொல்லி நச்சரித்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற மாதம் கீழ்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சிறு தேயிலை விவசாயி ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கொட்டும் மழையில் பஸ் பிடித்து வந்தார். நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு. அதில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த இணைய முகவரி. அடித்தேன், ‘பக்கம் இல்லை’ என்றது. தளத்தின் தேடல் பெட்டியில் ‘தேயிலை’ என்று தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் துழாவியதில் மானிய அறிவிப்பு கிடைத்தது. ஸ்கேன் எடுத்த படம், அதுவும் பக்கவாட்டில் படுத்திருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் எப்படி அகப்படும்? தலையைச் சாய்த்துப் படித்தோம். கடைசி நாள் முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. “பரவால்ல தம்பி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று சீட்டை மறுபடி உறைக்குள் வைத்துக்கொண்டார்.

பழைய தமிழ்ப் பக்கங்களின் கதை வேறு. கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறைகளான ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ் 16-ஐயும் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் இந்தத் தளத்தின் பழைய பக்கங்கள் அதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அதில் ‘கோ’ எழுத முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என மூன்று தட்டு. ஒருங்குறியில் ‘க’ முன்னால். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால். ஒருங்குறிக்கு மாற்றும்போது இந்த வரிசையைத் திருப்பிப் போடாமல் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலும். கோத்தகிரியின் முதல் எழுத்தே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்து நிற்கிறது. தாலுகா பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

ஆகவே, பழைய முகவரியைத் தட்டினால் உரிய புதிய பக்கத்துக்குத் தானாகப் போகும்படி 301 ரீடைரக்ட் போடச் சொல்ல வேண்டுகிறேன். எழுத்துரு மாற்றிய பக்கங்களைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். மென்பொருளை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். இனி வரும் அறிவிப்புகளை ஸ்கேன் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போட வேண்டும். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் இந்த மலையில் கனமான படம் இறங்குவதற்குள் பஸ் போய்விடும். பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் எழுத்துதான் வேண்டும். 2009-இல் வந்து 2023-இல் மூன்றாம் பதிப்பு கண்ட இந்திய அரசு இணையதள வழிகாட்டு நெறிகளும் அதை வலியுறுத்துகின்றன.

இவை முடியும்வரை பழைய தளத்தை நிறுத்திவிடாமல் வைத்திருக்கவும், மேற்படி மானியத்துக்கு விண்ணப்பிக்க மறுபடி ஒரு வாய்ப்பு தரவும் துறைக்குப் பரிந்துரைக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கோத்தகிரி
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: தளத்தின் பெயர் எழுதிய தாள், எழுத்து பிய்ந்த பக்கங்களின் அச்சுப்படிகள் 11.